எக்ஸும் இசட்டும் ஒரே சொல்லில்

“…பத்து நாளா எதிரும் புதிருமா ஒக்காந்து யோசிக்கிறீங்க ரெண்டு பேரும், ஒரு வார்த்த கூடவா கெடைக்கல?” என்று கேட்டுவிட்டு, காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே போனார் அந்த அம்மா.

ரெண்டு பேர் என்று அவர் சொன்னதில் ஒருவன் நான். இன்னொருவர் தஞ்சாவூரில் பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் எங்கள் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தின் களம். குறுவை அறுத்து, டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்து கொட்டியாயிற்று. சார் குவியல் முன்னால், அந்த அம்மாவுடையது அதற்கு அடுத்து, என்னுடையது அதற்கும் பின்னால். முறை வரும்வரை நெல்லுக்குக் காவலாக மனிதன் கிடக்க வேண்டும். அந்த அம்மா அப்படிக் கேட்ட அன்று தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

காவல் கிடப்பவர்கள் பொழுதைப் போக்குவதற்கு எங்கள் பக்கத்தில் பல வழிகள் உண்டு. தாயம் ஆடுவார்கள், அடுத்த ஊர்க் கல்யாணத்தில் பாயசம் நீர்த்துப்போன கதையைப் பேசுவார்கள், குவியலின் நிழலில் தூங்குவார்கள். சார் இவை எதற்கும் இறங்கி வரவில்லை. மடக்கு நாற்காலி, பிளாஸ்க், குடை, போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டி எல்லாவற்றோடும் முதல் நாளே வந்து இறங்கினார். வராதது ஒன்றே ஒன்றுதான்: நெல்லை மூடப் படுதா. “கவர் பண்ண ஆள் வருவாங்க” என்றார். ஆள் வரவேயில்லை. “நாற்காலிக்கும் டோக்கன் வாங்கிட்டாரா, கேட்டியா?” என்று லோடு தூக்குகிறவர் ஒருவர் என் காதில் கேட்டார்.

சாருக்கு அப்பா வழியில் வந்த நிலத்தை இத்தனை காலம் வேறொருவர் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அவர் விட்டுவிட்டுப் போகவும், சார் தஞ்சாவூரிலிருந்து போனிலேயே நட்டு, போனிலேயே உரம் போட்டு, போனிலேயே அறுத்தும் முடித்துவிட்டார். பதருக்கும் கருக்காய்க்கும் அவரிடம் ஒரே பெயர்தான்: வேஸ்ட். உள்ளே ஒன்றுமே இல்லாதது பதர், அரைகுறையாகப் பால் பிடித்து நின்றுபோனது கருக்காய் என்று ஒரு நாள் எடுத்துச் சொன்னேன். “ரெண்டும் தூத்தினா போயிடும்ல? அப்ப வேஸ்ட்தான்” என்று முடித்துவிட்டார். இப்படிப்பட்டவர்தான் சொல் தேடுகிறார்.

தேடியது இங்கிலீஷ் சொல். அவர் குடியிருக்கும் நகரில் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். தினம் ஒருவர் எழுத்துகளைக் கொடுப்பார். இந்த எழுத்து இருக்க வேண்டும், அந்த எழுத்து இருக்கக் கூடாது, இது முதலில் வர வேண்டும், அது கடைசியில் வர வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை. பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் சொல்லைக் கண்டுபிடித்துப் போடுகிறவருக்கு மற்றவர்கள் கைதட்டும் படம் அனுப்புவார்கள். எழுபதை நெருங்குகிற, வீடு கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றி, கண்புரைக்கு அறுவைச் சிகிச்சையும் முடித்துவிட்ட மனிதர்கள் மஞ்சள் நிறத்தில் நாலு கை தட்டுவதற்காக நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள் என்பதை நான் அந்தக் களத்தில்தான் பார்த்தேன்.

பார்த்ததோடு நின்றிருந்தால் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன். நானும் போய் அதில் விழுந்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தை உரச் சாக்கு, பூச்சிமருந்து டப்பா, பம்புசெட்டோடு வரும் சின்னப் புத்தகம், மாத்திரை அட்டை, பஸ்ஸின் முதுகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துச் சேர்த்தேன். சொல்லின் மேல் அப்போதிருந்தே எனக்கு ஒரு ஆசை. யாராவது நன்றாக ஒன்று சொல்லிவிட்டால் சட்டைப்பையில் இருக்கும் சீட்டில் குறித்துவைத்துக்கொள்வேன். ‘நாற்காலிக்கும் டோக்கன்’ கூட அப்படிக் குறித்ததுதான்.

இரண்டாம் நாள் சார் களத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கேள்வி போட்டார். “ரெண்டு யூ பக்கத்துப் பக்கத்துல வரணும். அப்படி ஒரு வேர்ட். யாருக்காச்சும் தெரியுமா?” யாருக்கும் தெரியாது என்ற நிச்சயத்தோடு கேட்கிற கேள்விக்கு ஒரு தனிக் குரல் உண்டு. அந்தக் குரல் என்னைச் சீண்டியது. பம்புசெட்டுப் புத்தகத்தில் பார்த்த ஞாபகத்தில், “வேக்குவம்” என்றேன்.

சார் விரல் விட்டு எழுத்துகளை எண்ணினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைவிட நான் நாலைந்து வயது இளையவன். அன்றையிலிருந்து ‘நீங்க’ ஆனேன். அன்று சாயங்காலம் குழுவில் கைதட்டல் அவருக்குக் கிடைத்தது, பிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர் காப்பி எனக்குக் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் காப்பி நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு தினமும் நான் அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என் குவியல் பக்கம் ஆடு வந்தால்கூட அந்த அம்மாதான் விரட்டினார்.

சார் எனக்கு இரண்டெழுத்துச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குழுவில் கட்டத்துக்குள் எழுத்தை அடுக்குகிற ஆட்டமும் உண்டு; எழுத்து மாட்டிக்கொண்டு ஆட்டம் நின்றுபோகிற நேரத்தில் கைகொடுப்பவை அவைதானாம். கியூவும் ஐயும் சேர்ந்தால் ஒரு சொல். அர்த்தம் என்ன என்று கேட்டேன். “சைனாக்காரனோட மூச்சு மாதிரி ஏதோ ஒண்ணு” என்றார். இசட்டும் ஏயும் சேர்ந்தால் இன்னொரு சொல். அது என்ன? “பீட்சாவை அமெரிக்காவுல செல்லமா கூப்பிடுறது.” நீங்கள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். தான் பீட்சாவே சாப்பிடுவதில்லை, வயிற்றுக்கு ஆகாது என்றார். திங்காத பண்டத்துக்குச் செல்லப் பெயர் தெரிந்துவைத்திருக்கிறார், தன் களத்தில் கிடக்கும் கருக்காய்க்குப் பெயர் வேஸ்ட்.

சொல் என்றால் யாராவது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாரும் யாரிடமும் சொல்லாத, கட்டத்துக்குள் நிரப்புவதற்காக மட்டும் வாழ்கிற ஒரு சாதிச் சொற்கள் இருக்கின்றன என்பது எனக்குப் புதுச் செய்தி. கல்யாணத்துக்கு வராமல் பந்திக்கு மட்டும் வருகிற ஆட்களைப் போல. இவ்வளவும் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் அவற்றைச் சீட்டில் வரிசையாக எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அந்தக் குழுவில் பெரிய கேள்வி விழுந்தது. எக்ஸும் இருக்க வேண்டும், இசட்டும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே சொல்லில். மறுநாள் பொழுது சாய்வதற்குள் சொல்ல வேண்டும். சார் அன்று இரவு தஞ்சாவூருக்குப் போகவில்லை. களத்துக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். நெல்லுக்காக ஒரு நாளும் தங்காதவர் ஒரு சொல்லுக்காகத் தங்கினார்.

பத்தாம் நாள் காலையில்தான் அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்த அம்மாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகைச் சாகுபடி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இந்தப் பத்து நாளில் அவர் நெல் இரண்டு தடவை நனைந்தது. இரண்டு தடவையும் பிரித்துப் போட்டு, காலால் கோடு கோடாகத் துழாவிக் காயவைத்து, மறுபடி குவித்தார். சார் நெல்லும் நனைந்தது, அதை லோடுக்காரர்கள் கூலிக்குக் காயவைத்துக் கொடுத்தார்கள். படுதா ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு இடத்தில் தைத்தது. அன்று காலை ஈரப்பதம் பார்க்கிற கருவியில் சரியாகப் பதினேழு காட்டியது. பதினேழுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். இன்னொரு மழை பட்டால் நெல் அங்கேயே முளைவிட்டுவிடும்.

காலையிலேயே பட்டியல் எழுதுகிற தம்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். “இருக்குற சாக்கு இன்னும் மூணு குவியலுக்குத்தான் வரும். அடுத்த சாக்கு தீபாவளி கழிச்சுத்தான்.” அப்போது தராசில் ஏறிக்கொண்டிருந்தது ஒரு குவியல், பிறகு சார், பிறகு அந்த அம்மா. என் முறைக்குச் சாக்கு இல்லை. எனக்குப் பாதகமில்லை, நெல்லும் கொஞ்சம், வீடும் பக்கம், திருப்பிக் கொண்டுபோய்விடலாம். ஆனால் தென்கிழக்கே வானம் கரும்பலகை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், வானத்தை ஒரு தடவை, தராசை ஒரு தடவை.

பதினோரு மணி வாக்கில் என் பக்கம் வந்து நின்றார். குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி என் முன்னால் நீட்டினார்.

“பாருங்கண்ணே. அடியில கெடந்தது. ரெண்டு மூணு வெள்ளையா மூக்க நீட்டுது.”

பார்த்தேன். முளைதான்.

“இந்த வெள்ளாமைக்கு நான் என்ன கொறவெச்சேன், சொல்லுங்க. கருகல் வந்துச்சு, எக்சகோனசோல் ரெண்டு தடவ அடிச்சேன். புகையான் வந்துச்சு, தண்ணிய வடிச்சு வடிச்சுக் கட்டினேன். இன்னிக்கி ஏறலன்னா இதோட சரி. நெலத்த ஒப்படச்சுட்டு அவரு கூடப் பனியனுக்கே போயிடுவேன். இந்தச் சேறும் வேணாம், சகதியும் வேணாம்.”

ஒரு மனுஷி பாடுபட்ட நிலத்தை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது என்ன தெரியுமா? எக்சகோனசோல். உரக்கடையில் எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு நாலு தடவை எல்லோர் வாயிலும் வருகிற மருந்துப் பெயர். டப்பாவின் மேல் இருக்கும் எழுத்து ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றது. ஊர் வாய் விழுங்கிவிடுகிற எச் முதலில், பிறகு ஈ, எக்ஸ். அப்புறம் போய்க்கொண்டே இருந்து, கடைசியை நெருங்கும்போது, இசட்.

“இரு தங்கச்சி, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் கையில் இருந்த நெல் அப்படியே நீட்டியபடி இருந்தது. என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது. அப்போது திட்டிக்கொள்ளவில்லை, ஓடினேன்.

“கெடச்சுடுச்சு சார். எக்சகோனசோல்.”

சார் நாற்காலியில் நிமிர்ந்தார். எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி விரலை மடக்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று.

“இது மருந்து பேராச்சே.”

“ஆமாம், நெல்லுக்கு அடிக்கிறது.”

“மருந்து பேரெல்லாம் வேர்ட் ஆகாதுங்க.”

“ஏன் சார் ஆகாது? எழுத்து இருக்கு, அர்த்தம் இருக்கு, ஊருல அத்தன பேரும் சொல்றாங்க.”

“ஊருல சொன்னா போதுமா? டிக்‌ஷனரியில இருக்கணும்.”

“பீட்சாவோட செல்லப் பேரு இருக்கு, இது இருக்காதா?”

லோடு தூக்குகிறவர்களில் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியபடி, “சார், அந்த மருந்த அடிச்சுத்தான் ஒங்க நெல்லே இங்க வந்து கெடக்கு” என்றார். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “சரி, டிக்‌ஷனரியில பாத்துடுவோம். இருந்துச்சுன்னா நான் ஒத்துக்கிறேன். இல்லன்னா நீங்க ஒத்துக்கணும்” என்றார். ஒத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போனில் களத்துக்குள் வாட்ஸ்அப் வந்து விழுகிற அளவுக்குத்தான் சிக்னல் எடுக்கும். எதையாவது தேடிப் பார்க்க வாய்க்கால் மதகடிக்குத்தான் போக வேண்டும், நடந்தால் ஐந்து நிமிஷம்.

முன்குவியல் முடிய இன்னும் அரை மணி நேரமாவது ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் குவியலின் மேல் போட்டு, அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, குடையோடு கிளம்பினார்.

இந்தத் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ்ஸின் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. அதே வழக்கம்தான் களத்திலும். சாப்பிடவோ, குளிக்கவோ, ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் குவியலின் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போவார். துண்டு கிடக்கிற குவியலைத் தாண்டி யாரும் தன் நெல்லை ஏற்ற மாட்டார்கள். எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுதிவைத்திருந்தால் இந்நேரம் யாராவது மீறியிருப்பார்கள். சாவு வீட்டுக்குப் போனவருக்காக ஒரு தடவை முழுப் பகலும் காத்திருந்திருக்கிறோம். அந்த மரியாதையை, ஒரு சொல் டிக்‌ஷனரியில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவரும் வாங்கிக்கொண்டு போனார். போகவைத்தவன் நான்.

அவர் கணக்கு தப்பிப்போனது. வானத்தைப் பார்த்துவிட்டு லோடுக்காரர்கள் வேகமாகக் கை போட்டார்கள். பத்தே நிமிஷத்தில் முன்குவியல் முடிந்தது. தூற்றும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு சார் குவியலுக்கு வந்தவர்கள் துண்டைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஆள் இருந்து கட்டைவிரல் ரேகை வைக்காமல் பட்டியல் போட முடியாது. பட்டியல் தம்பியைப் பார்த்தோம். “யாரு முன்னால யாரு பின்னாலங்கிறது ஒங்க பாடு. நான் அதுல தலையிட மாட்டேன்” என்று நோட்டுக்குள் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். கையில் நெல் இல்லை இப்போது.

“அண்ணே, அவர நீங்கதான அனுப்புனீங்க? நீங்கதான் போயிக் கூட்டியாரணும்.”

“இதோ போறேன்.”

“போயி அங்க ஒக்காந்துடாதீங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு எனக்கு ரோஷம் வந்தது. என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே என் மொபெட் வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

மதகின் மேல் சார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கை போனோடு தலைக்கு மேல். கோயில் தேர்ச்சீலையில் வரைந்த ஏதோ ஒரு சாமி மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க வாங்க, லோட் ஆயிட்டிருக்கு” என்றார்.

“ஒங்க முறை வந்துடுச்சு சார். கூப்புடுறாங்க.”

“ரெண்டே நிமிஷம். சுத்துது பாருங்க.”

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது டிக்‌ஷனரி இல்லை. எழுத்துகளைப் போட்டால் அந்த எழுத்துகள் உள்ள சொற்களையெல்லாம் கொட்டிக்கொடுக்கிற ஒரு பக்கம். கட்டத்தில் எக்ஸ் போட்டிருந்தது, இசட் போட்டிருந்தது. இத்தனை நாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் தேய்த்து, கண்ணை மூடி, யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த சொற்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துபோயிற்று. சாயங்காலம் ஆனால் ‘கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்’ என்று மதகு வரை போவார். நடை உடம்புக்கு என்று நினைத்திருந்தேன்.

“இதுலயா சார் பாக்குறீங்க?”

“எல்லாரும் இதுலதாங்க பாக்குறாங்க” என்றார், கூசாமல்.

அந்த நகரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே இயந்திரத்தில் ஒரே எழுத்தைப் போட்டு ஒரே சொல்லை எடுத்து, ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்கிறார்கள். நெல்லைப் போட்டால் அரிசியைக் கொட்டுகிற மில்லைப் போலத்தான். மில்லிலாவது மாட்டுக்குத் தவிடு மிஞ்சும்.

இப்படியெல்லாம் மனசுக்குள் ஏசிய மனிதன், அதாவது நான், அவர் சட்டைக்காலரைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. அந்தப் பக்கம் திறக்கட்டும் என்று நின்றேன். என் சொல் அதில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் எனக்கு. கூத்தாநல்லூர் பஸ் ஒன்று எங்கள் இருவரையும் உரசுகிற மாதிரிப் போயிற்று. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திறந்தது. வரிசையாக வந்தது. சார் உரக்கப் படித்தார். “ஆக்சிடைஸ். மேக்சிமைஸ். அடச்சே, இவ்வளவு ஈஸியாவா இருந்துச்சு.” விரலால் தள்ளித் தள்ளி அடிவரை போனார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “ஒங்க மருந்து இல்லைங்க.”

“இன்னொன்னுல பாருங்க சார்.”

நான்தான் சொன்னேன். முறை வந்துவிட்டது என்று கூப்பிடப் போனவன், இன்னொன்றில் பாருங்கள் என்று சொன்னேன். அவரும் இன்னொன்றைத் திறந்தார். அதுவும் சுற்றியது. எத்தனை நேரம் நின்றோம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இடி ஒன்று விழுந்து வாய்க்கால் தண்ணீரே அதிர்ந்த மாதிரி இருந்தபோதுதான் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம்.

வண்டியில் வரும்போது சார் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தார். குழுவுக்கு ஆக்சிடைஸ் போய்ச் சேர்ந்திருக்கும்.

களத்துக்குள் நுழைந்தபோது தூற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிய இடம் சார் குவியல் இல்லை, அதைத் தாண்டி அந்த அம்மாவின் குவியல். அதில் முக்கால்வாசி சாக்குக்குள் போய்விட்டது. தைத்த மூட்டைகள் கொட்டகைக்குள் அடுக்கப்பட்டிருந்தன. அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடை கூடையாகத் தானே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாரின் துண்டு நாலாக மடிக்கப்பட்டு நாற்காலிக் கையின் மேல் தொங்கியது.

நாங்கள் இல்லாதபோது நடந்ததைத் தலைப்பாகைக்காரர் எனக்குப் பிறகு சொன்னார். துண்டு கிடக்கிறதே என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “துண்டுக்குக் கட்ட வெரல் இருக்கா? இருந்தா ரேகை வைக்கச் சொல்லுங்க, அவரு நெல்ல அள்ளுங்க. இல்லன்னா என் நெல்ல அள்ளுங்க.” அவரே ஏறிப்போய்ச் செங்கல்லை எடுத்து வைத்துவிட்டுத் துண்டை உதறி மடித்தாராம். எங்கள் களத்தில் ஒருவர் துண்டை இன்னொருவர் எடுத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எடுத்ததும் லோடுக்காரர்கள் இயந்திரத்தை அவர் குவியல் பக்கம் தள்ளியிருக்கிறார்கள்.

சார் வண்டியிலிருந்து இறங்கிய உடனே, “என்னங்க இது? துண்டு போட்டுட்டுத்தான போனேன்? இந்த ஊருல துண்டுக்கு மரியாத கெடையாதா?” என்றார்.

கூடை மட்டும் கை மாறிக்கொண்டிருந்தது. சார் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. யாரு முறை இது?”

“ஒங்க முறைதான் சார்” என்றேன். “நானும் நீங்களும் மதகுலதான நின்னோம்.”

அந்த அம்மா கூடையை இறக்காமலே சொன்னார். “சார், வேணும்னு செய்யல. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, வார்த்தையத் தேடுறீங்க. எனக்குத் தேட ஒண்ணுமில்ல, இருந்தது இந்த நெல்லுதான்.” அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என்னையும் படித்தவர்களில் சேர்த்து அவர் சொன்னதைக் கேட்டு ஒரு காலத்தில் குளிர்ந்துபோயிருப்பேன்.

முதல் சொட்டு தராசின் தட்டில் விழுந்தது. எண்ணுகிற மாதிரி பெரிய பெரிய சொட்டு. கடைசி மூட்டையைத் தைத்துக் கொட்டகைக்குள் இழுத்தார்கள். பட்டியல் தம்பி கருவியை நீட்டினார். அந்த அம்மா புடவையில் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு வைத்தார். தூசியில் முதல் தடவை எடுக்கவில்லை. எச்சில் தொட்டு மறுபடி வைத்தார். எடுத்தது.

சார் தன் குவியலின் முன்னால் நின்றார். மேலே மூட ஒன்றும் இல்லை. கையில் குடை இருந்தது. அதைக் குவியலுக்குப் பிடிப்பதா, தனக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் ஒரு தடவை விரித்தார், ஒரு தடவை மடக்கினார். “யாராவது கவர் பண்ண ஆள்…” என்று ஆரம்பித்தார். சட்டைப்பைக்குள் போன் டிங் என்றது, மறுபடி டிங், மறுபடி டிங். நகரில் கைதட்டுகிறார்கள்.

நான் என் படுதாவை என் குவியலுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டையும் மூட அது போதாது. லோடுக்காரர்கள் கொட்டகையின் ஓரத்தில் ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் வேலை முடிந்தது.

“சும்மா நிக்காதீங்க சார், அந்தப் பக்கம் போயிப் புடிங்க” என்று ஒரு குரல். என்ன பிடிப்பது என்று சார் திரும்புவதற்குள், அந்த அம்மா தன் தைத்த படுதாவைத் தரதரவென்று இழுத்து வந்து அவர் குவியலின் மேல் வீசி, காற்றில் கிளம்பிய முனையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.